ஏசி ஓடுகிறது, புகார் நிற்கவில்லை: அலுவலகக் கட்டடத்தில் கோளாறை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை, கிண்டி, அம்பத்தூர் பக்கம் கடந்த இருபத்தைந்து வருடங்களில் எழுந்த அலுவலகக் கட்டடங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. சுற்றிலும் கண்ணாடி, மொட்டை மாடியில் ஏசியின் சூட்டைத் தண்ணீர் வழியே காற்றில் விடும் கூலிங் டவர், அடியில் பேஸ்மென்ட், நடுவில் அடிக்கடி மாறும் வாடகைதாரர்கள். புகார்களும் ஒரே மாதிரிதான். ஏசி பத்தவில்லை, சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது, பில் எகிறிவிட்டது. எந்தப் புகார் வந்தாலும் முதலில் தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி இறக்குவார்கள். அடங்காவிட்டால் கூடுதலாக ஒரு ஸ்ப்ளிட் ஏசி மாட்டுவார்கள். அடுத்த கோடையில் பில் இன்னும் ஏறியிருக்கும், புகார் அப்படியே இருக்கும்.

இப்படிப்பட்ட கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், புகார் நோட்டில் மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த மாடியில் எந்தப் பக்கம், அன்று வெயிலா மழையா. ஒரு வாரம் ஒழுங்காக எழுதினாலே கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். கையில் நான்கு கருவிகள் போதும்: வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர், தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், கார்பன் டை ஆக்சைடு மீட்டர், ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் பார்க்கும் கிளாம்ப் மீட்டர்.

மதியம் 3 மணிக்கு மேல் மேற்குப் பக்கம் மட்டும் தாங்க முடியவில்லை

முதலில் அந்த இடத்தில் சீலிங்கில் இருக்கும் காற்று வாயான டிஃப்யூசரிலிருந்து வரும் காற்றை அளந்து பாருங்கள். 13 முதல் 15 டிகிரிக்குள் வந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. அடுத்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கண்ணாடியின் உட்புறம் காட்டுங்கள். 38, 40 என்று காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. காற்று 24 டிகிரியில் இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் சூடான கண்ணாடி உடம்பில் நேராக வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கும். அந்த மனிதர் சொல்வது பொய்யில்லை, உங்கள் மீட்டர் காட்டுவதும் பொய்யில்லை. இந்த நிலையில் தெர்மோஸ்டாட்டை இறக்கினால் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்வெட்டர் போடுவார்கள், ஜன்னலோரம் இருப்பவருக்கு ஒரு மாற்றமும் இருக்காது.

கண்ணாடி எவ்வளவு வெயிலை உள்ளே விடுகிறது என்பதற்கு எஸ்எச்ஜிசி என்று ஓர் எண் உண்டு. மேலே விழும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு அறைக்குள் வருகிறது என்பதுதான் அது. சாதாரண 6 மில்லிமீட்டர் வெள்ளைக் கண்ணாடிக்கு 0.8 வாக்கில் இருக்கும். 2017-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களுக்கு 0.27-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. உங்கள் கட்டடத்தில் மாட்டியிருக்கும் கண்ணாடியின் எண் என்ன என்று பழைய பில், டெலிவரி காகிதங்களைத் தேடி எடுங்கள். டிசைனில் ஒன்று எழுதி, செலவு குறைக்க வேறொன்றை மாட்டுவது இந்தத் தொழிலில் நடக்கிற காரியம்.

வடக்குப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கில் வெயில் வராது என்று டெல்லிக்கு எழுதிய பாடத்தை இங்கே அப்படியே வைத்துக் கட்டுகிறார்கள். சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயிலே நமக்கு வடக்கிலிருந்துதான் வருகிறது. ஜூனில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதித்து, மேற்கிலும் அதே அளவு தள்ளி மறைகிறது. அதனால் காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் வடக்குக் கண்ணாடியில் சாய்ந்து விழும். அதே விதித்தொகுப்பு 15 டிகிரி அட்சத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்கு வடக்குப் பக்கத்தில் 0.50 வரை அனுமதிக்கிறது, அதற்குத் தெற்கே இருக்கும் நமக்கு எல்லாப் பக்கமும் 0.27 என்கிறது. மே மாதத்தில் வடக்குப் பக்கத்திலிருந்து புகார் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

தீர்வுகளில் முதலிடம் வெளிப்புற நிழலுக்குத்தான். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நிறுத்துவதற்கு ஈடு எதுவும் இல்லை. நம் பழைய கட்டடங்களில் அகலமான வராண்டா வைத்தது இதற்காகத்தான். வெளியே எதுவும் மாட்ட முடியாத கட்டடம் என்றால் உள்ளே வெளிர் நிறத் திரை போடலாம், கருப்புத் திரை வேண்டாம். வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிடுவதால் பலன் பாதிதான். ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால் கண்ணாடி தயாரித்த நிறுவனத்தைக் கேட்காமல் ஒட்டாதீர்கள். வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியின் நடுப்பகுதி காய்ந்து, ஃபிரேமுக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருந்தால், அந்த வித்தியாசத்திலேயே கண்ணாடி விரிசல் விடும். பதப்படுத்தாத கண்ணாடியிலும் இரட்டைக் கண்ணாடியிலும் இந்த ஆபத்து அதிகம்.

மேல் மாடியில் மட்டும், சாயங்காலம் ஆனதும் சூடு

இது மேலே இருக்கும் ஸ்லாப். பகல் முழுவதும் வாங்கிய வெயிலை சாயங்காலம் கீழே இறக்குகிறது. சீலிங்குக்கு மேலே ஸ்லாபின் அடிப்பகுதியை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்தால் தெரிந்துவிடும். மொட்டை மாடியில் வெள்ளைக் கூலிங் டைல் அல்லது வெள்ளைப் பூச்சு உடனே பலன் தரும், வருடத்துக்கு ஒரு முறையாவது கழுவினால். தட்டோடு பெயர்ந்து, அதன் அடியில் மழையும் வெயிலும் தாங்கப் போட்ட வெதரிங் கோர்ஸ் கெட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்யும்போதே ஸ்லாபுக்கு மேல் இன்சுலேஷனும் சேர்த்துப் போடுங்கள்.

குளிர்கிறது, ஆனாலும் பிசுபிசுப்பு போகவில்லை

கடற்கரை ஊர்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிற புகார் இதுதான். திங்கட்கிழமை காலையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்திலும் கூடும். கோப்பெல்லாம் நமுத்துப்போகும், தரைவிரிப்பில் வாடை வரும், மூலைச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். மீட்டரை வைத்தால் 23 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று காட்டும். 23 டிகிரி என்றால் குளிர்தானே, அப்புறம் என்ன புகார் என்று விட்டுவிடுவார்கள்.

சென்னையின் வெளிக்காற்றில் வருடத்தின் பெரும்பகுதி ஒரு கிலோ காற்றுக்கு 20 கிராம் வரை நீராவி இருக்கிறது. உள்ளே 24 டிகிரியும் 55 சதவீத ஈரப்பதமும் வேண்டுமென்றால் 10 கிராம்தான் இருக்கலாம். மீதி 10 கிராமை ஏசியின் காயிலில், அதாவது காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளில், தண்ணீராக மாற்றி வெளியே தள்ள வேண்டும். நிமிடத்துக்கு 1000 கன அடி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஒரு விசிறி, இப்படி வெளியே தள்ள வேண்டிய தண்ணீரை மட்டும் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் ஆவியாக உள்ளே கொண்டுவருகிறது. காற்றைக் குளிர வைப்பது ஒரு வேலை, உலர வைப்பது வேறு வேலை. தெர்மோஸ்டாட்டுக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும்.

முதலில், தண்ணீரைக் குளிர வைத்துக் காயிலுக்கு அனுப்பும் இயந்திரமான சில்லரிலிருந்து வரும் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். 7 டிகிரிக்கு டிசைன் செய்ததை, மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று யாராவது 10-க்கு ஏற்றி வைத்திருக்கலாம். உலர்ந்த ஊரில் அது நல்ல யோசனை. இங்கே காயிலில் போதிய குளிர் இல்லாததால் நீராவி தண்ணீராகாமல் தப்பித்து அறைக்கே திரும்பும். ஈரக்காலத்திலாவது 7-க்கு இறக்குங்கள்.

அடுத்து, காயிலும் விசிறியும் சேர்ந்த பெட்டியான ஏஎச்யூவின் விசிறி வேகம். காற்று காயிலைத் தாண்டி வேகமாக ஓடினால் ஈரம் இறங்க நேரம் இருக்காது. வேகத்தைக் குறைத்து, டிஃப்யூசரில் 13, 14 டிகிரி வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கட்டடம் காற்றை வெளியே தள்ளுகிறதா, உள்ளே உறிஞ்சுகிறதா. நுழைவாயில் கதவை ஒரு விரல் அளவு திறந்து, இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடியுங்கள். கீற்று உட்பக்கம் மடிந்தால் கட்டடம் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. கழிவறை, பான்ட்ரி எக்ஸாஸ்ட் விசிறிகள் வெளியேற்றும் காற்றைவிட ஃப்ரெஷ் ஏர் விசிறி கொண்டுவருவது குறைவு என்று அர்த்தம். அந்தக் குறையை ஈடுசெய்ய, கதவிடுக்கு, ஜன்னல் ஓரம், லிஃப்ட் கிணறு என்று கிடைத்த வழியிலெல்லாம் ஈரக்காற்று காயிலைத் தொடாமலே நுழையும். ஃப்ரெஷ் ஏர் விசிறியின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, யாராவது அணைத்தே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரவில் ஏசி நின்ற பிறகும் கழிவறை எக்ஸாஸ்ட் மட்டும் ஓடுகிற கட்டடங்களில்தான் திங்கட்கிழமைப் பூஞ்சை வாடை வருகிறது.

நான்காவது, சில்லர் நின்ற பிறகு ஏஎச்யூ விசிறி ஓடுகிறதா. ஓடினால் காயிலிலும் அதன் அடித்தட்டிலும் இருக்கும் தண்ணீர் முழுவதும் மறுபடி ஆவியாகி அறைக்குள் போகும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஈரம் குறையவில்லை என்றால் ஏசி தேவைக்கு மேல் பெரியதாக இருக்கலாம். பெரிய இயந்திரம் சீக்கிரமே 24-ஐத் தொட்டு வால்வை மூடிவிடும், ஈரம் எடுக்க அவகாசம் இருக்காது. ஃப்ரெஷ் ஏரை மட்டும் தனியாக உலர்த்தி அனுப்பும் யூனிட் வைப்பதுதான் அதற்குச் சரியான மருந்து. செலவு உண்டு, ஆனால் இந்தக் கடற்கரையில் அது ஆடம்பரம் இல்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

காயிலிலிருந்து வடியும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். உப்பே இல்லாத தண்ணீர் அது. குழாய் போட்டுக் கூலிங் டவர் தொட்டிக்குக் கொண்டுபோகலாம். 2019 ஜூனில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன நாட்களில் இந்தத் தண்ணீரின் மதிப்பு பலருக்குப் புரிந்தது.

சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது

ஏசியை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். ஏசி நின்றதும் சொட்டு நின்றால் ஏசி சம்பந்தப்பட்டது. மழை பெய்தால் மட்டும் வந்தால் வெளிச்சுவர் அல்லது மேல்தளம். எந்நேரமும் சொட்டினால் மேல் மாடிக் கழிவறைக் குழாய் அல்லது தீயணைப்புத் தண்ணீர்க் குழாயான ஃபயர் லைன். எதுவானாலும் அந்த இடத்து விளக்கின் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிட்டு ஏறுங்கள்.

ஏசி என்றால் இரண்டே இடம். ஒன்று, குழாய் அல்லது காற்றுப் பாதையான டக்டின் இன்சுலேஷன் கிழிந்திருக்கும், முக்கியமாக வால்வுகளிலும் வளைவுகளிலும். ஐஸ் தண்ணீர் பாட்டில் வியர்ப்பது போல 7 டிகிரி குழாய் வியர்க்கும். மேலே டேப் சுற்றினால் போதாது, நனைந்த இன்சுலேஷனை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, இணைப்புகளில் காற்றுப் புகாமல் மூட வேண்டும். இன்னொன்று, ஏஎச்யூவின் வடிகால். காயிலுக்குப் பின்னால் விசிறி இருக்கும் யூனிட்டில் உள்ளே காற்றழுத்தம் குறைவு. வடிகால் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் யூ வளைவு இல்லாவிட்டாலோ, அது காய்ந்திருந்தாலோ, விசிறி அந்தக் குழாய் வழியே காற்றை இழுக்கும். தண்ணீர் இறங்காமல் தட்டு நிரம்பி வழியும். வடிகால் அடைப்பு என்று குச்சி விட்டுக் குத்திக்கொண்டிருப்பார்கள், அடைப்பே இருக்காது.

ஒரே மாடியில் ஒருவருக்குக் குளிர், ஒருவருக்குப் புழுக்கம்

ஏசி வரைபடத்தையும் இப்போதைய இருக்கை வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும். திறந்த கூடமாக டிசைன் செய்ததை வாடகைதாரர் கேபின்களாகத் தடுத்திருப்பார். தடுப்பு சீலிங் வரை போய், காற்று திரும்பிப் போக வழி இல்லாமல் ஆகியிருக்கும். தெர்மோஸ்டாட் ஒருவருடைய கேபினுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது பிரிண்டருக்கு மேலே. டிஃப்யூசரில் அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். தெர்மோஸ்டாட்டை இடம் மாற்றி, கேபின் கதவுக்கு மேல் காற்றுவழி விட்டு, காற்றளவைக் கட்டுப்படுத்தும் தகடுகளான டேம்பர்களை அளந்து சமன் செய்தால் போதும். இன்டீரியர் வேலைக்கு ஒப்புதல் தரும்போதே ஏசி வரைபடத்தையும் திருத்தித் தர வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் தலைவலி, தூக்கம்

சாப்பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் கார்பன் டை ஆக்சைடு மீட்டரை மீட்டிங் ரூமில் வையுங்கள். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) வாக்கில் இருக்கும். உள்ளே 1000-ஐத் தாண்டினால் ஆட்களுக்கேற்ற புதுக் காற்று வரவில்லை. கதவு மூடிய மீட்டிங் ரூமில் ஒரு மணி நேரத்தில் 2000 போவது சாதாரணம்.

ஸ்ப்ளிட் ஏசியும் ஒரே வெளி யூனிட்டில் பல உள் யூனிட்களை இணைக்கும் விஆர்எஃப் ஏசியில் பெரும்பாலானவையும் அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கின்றன. ஃப்ரெஷ் ஏருக்கென்று தனி விசிறி இல்லாமல் விஆர்எஃப் போட்ட கட்டடங்களில் இந்தப் புகார் நிச்சயம் வரும். சென்ட்ரல் ஏசி என்றால் ஃப்ரெஷ் ஏர் டேம்பரைப் போய்க் கண்ணால் பாருங்கள். பில் குறைக்க யாரோ மூடி, கம்பி போட்டுக் கட்டியிருப்பதைக் காணலாம். அதைத் திறந்தால் ஈரம் கூடும், அதனால் முந்தைய பகுதியில் சொன்னதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூச்சுக்காற்றை அடைத்து மிச்சம் பிடிக்கும் காசு, அங்கே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்களின் உடம்பிலிருந்து எடுத்தது.

சில்லர் முழு வேகத்தில் ஓடியும் குளிர் வரவில்லை

இன்னொரு சில்லரை ஓடவிடுவதற்கு முன் போகும் தண்ணீர், திரும்பும் தண்ணீர் இரண்டின் வெப்பநிலையையும் எழுதுங்கள். 7-ல் போய் 12 அல்லது 12.5-ல் திரும்ப வேண்டும். மணிக்கு 100 கன மீட்டர் தண்ணீர் 5.5 டிகிரி வித்தியாசத்தில் ஓடினால் 182 டன் (ஏசியின் குளிர்விக்கும் திறனுக்கான அளவு) குளிர்ச்சி கிடைக்கும். அதே தண்ணீர் 2.5 டிகிரி வித்தியாசத்தில் திரும்பினால் 83 டன்தான். பம்ப் அதே மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். வித்தியாசம் குறைவாக இருந்தால் தண்ணீர் வேலை செய்யாமலே திரும்புகிறது: பைபாஸ் வால்வு திறந்திருக்கலாம், நிறுத்திய ஏஎச்யூக்களின் வால்வு மூடாமல் இருக்கலாம், காயிலில் தூசி அடைத்திருக்கலாம். முதலில் காயிலைக் கழுவுங்கள். மலிவான வேலை அதுதான்.

வித்தியாசம் சரியாக இருந்து, சில்லரில் வாயு அழுத்தம் (ஹெட் பிரஷர்) ஏறி அது தானே நின்றால் (டிரிப்), சூட்டை வெளியேற்றும் பகுதியான கன்டென்சர் பக்கம் போங்கள். கன்டென்சருக்குள் வாயு திரவமாகும் வெப்பநிலைக்கும், கன்டென்சரை விட்டு வெளிவரும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைத் தினமும் குறித்து வையுங்கள். சுத்தமாக இருந்தபோது 1, 2 டிகிரி இருந்தது 4, 5 ஆகிவிட்டால் குழாய்களில் உப்புப் படிந்திருக்கிறது. சென்னையில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வருவதால், வாட்டர் ட்ரீட்மென்ட் ஆள் மாதத்துக்கு ஒரு முறை வந்து கையெழுத்துப் போட்டுப் போனால் போதாது. தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னரில் உப்பு இருக்கிறதா, உப்பு சேர்ந்த டவர் தண்ணீரை அவ்வப்போது வெளியே விடும் ப்ளோடவுன் நடக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கூலிங் டவரிலிருந்து 32 டிகிரியில் வரவேண்டிய தண்ணீர் 36-ல் வந்தால் டவரில் கோளாறு. நாசில் அடைப்பு, விசிறி இறக்கையின் கோணம் எல்லாம் பார்த்த பிறகு, சுற்றிலும் பாருங்கள். அழகுக்காகக் கட்டிய உயரமான மறைப்புச் சுவரோ விளம்பரத் தட்டியோ, டவர் விட்ட ஈரச் சூட்டுக் காற்றை அதுவே மறுபடி உறிஞ்சும்படி செய்துகொண்டிருக்கலாம். டவர் தண்ணீரில் பாசியும் வழவழப்பும் இருந்தால் கிருமிநாசினி அளவை உடனே சரிபாருங்கள். லீஜியோனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி அங்கே வளர்ந்து தண்ணீர்த் துளிகளோடு பரவும். ஃப்ரெஷ் ஏர் உள்ளே போகும் வாய் டவருக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பில் எகிறிவிட்டது

வருடத்துக்கு மொத்தம் எத்தனை யூனிட், அதைக் கட்டடத்தின் சதுர மீட்டரால் வகுத்தால் எவ்வளவு என்று முதலில் போட்டுப் பாருங்கள். பிஈஈ என்ற மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்கு இந்த எண்ணை வைத்து ஸ்டார் தருகிறது. பாதிக்கு மேல் ஏசி செய்த, வெப்ப ஈர மண்டலக் கட்டடத்துக்கு அந்தத் திட்டம் தொடங்கியபோது சதுர மீட்டருக்கு 200 யூனிட் வரை ஒரு ஸ்டார், 100-க்குக் கீழ் வந்தால் ஐந்து ஸ்டார் என்று வைத்தார்கள். மூன்று ஷிஃப்ட் ஓடும் கட்டடத்தையும் பகலில் மட்டும் ஓடும் கட்டடத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூடாது. ஆனால் உங்கள் கட்டடத்தின் போன வருட எண்ணோடு இந்த வருட எண்ணை ஒப்பிடுவதில் எந்த நியாயக் குறைவும் இல்லை.

அப்புறம் ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு மீட்டரைப் பாருங்கள். யாருமே இல்லாத நேரத்தில் எத்தனை கிலோவாட் போகிறது? ஒரு வாரத்தில் 168 மணி நேரம். வாரம் ஐந்து நாள், தினமும் 12 மணி நேரம் திறந்திருக்கும் அலுவலகம் அதில் 108 மணி நேரம் மூடிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் 60 கிலோவாட் சும்மா ஓடினால் வாரத்துக்கு 6480 யூனிட். கட்டடத்தின் கருவிகளைக் கணினி வழியே இயக்கும் பிஎம்எஸ்ஸில் ஆட்டோவில் இருக்கவேண்டிய ஏஎச்யூவை யாரோ ஒரு நாள் மேனுவலில் போட்டு மறந்திருப்பார்கள். பேஸ்மென்ட் விசிறிகள் இரவெல்லாம் ஓடும். செக்யூரிட்டி அண்ணன்களுக்கு எந்த மாடியில் எது ஓடுகிறது என்பது நன்றாகத் தெரியும், அவர்களைக் கேளுங்கள். எந்த எனர்ஜி ஆடிட்டுக்கும் முன்னால் செய்யவேண்டியது இதுதான், பணமும் செலவில்லை.

அடுத்தது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி. விசிறியின் வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். அதற்காகத்தான் காசு போட்டு விஎஃப்டி வாங்குகிறோம். போய்ப் பார்த்தால் எல்லாம் 50 ஹெர்ட்ஸில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சென்சார் கெட்டிருக்கும், அல்லது பைபாஸில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு டிரைவின் டிஸ்ப்ளேயையும் ஒரே நாளில் காலை, மதியம், மாலை குறித்துக்கொண்டால் எது தூங்குகிறது என்று தெரியும்.

யூனிட் கூடாமலே பில் மட்டும் கூடியிருந்தால் டிமாண்டையும் (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச அளவு) பவர் ஃபேக்டரையும் (இழுப்பதில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) பாருங்கள். தமிழ்நாட்டில் எச்டி (உயர் அழுத்த) இணைப்புக்கு, மொத்தமாக இழுக்கும் அளவான கேவிஏ கணக்கில் டிமாண்ட் கட்டணம் உண்டு. 500 கிலோவாட் சுமை பவர் ஃபேக்டர் 0.98-ல் 510 கேவிஏ ஆகும், அதுவே 0.85-ல் 588 கேவிஏ. அதோடு 0.90-க்குக் கீழே போனால் தனியாக ஒரு கூடுதல் கட்டணமும் வரும். பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெப்பாசிட்டர் பேங்கில் ஒவ்வொன்றாக கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள், செத்துப்போனவை தெரியும். அடிக்கடி சாகின்றன என்றால் யூபிஎஸ், விஎஃப்டி, எல்இடி எல்லாம் கிளப்பும் மின் அலைக் கோளாறான ஹார்மோனிக்ஸ்தான் காரணம். அதைத் தடுக்கும் ரியாக்டர் சேர்த்த கெப்பாசிட்டர் போட வேண்டும். பதிவான டிமாண்ட் எப்போதும் ஒப்பந்த டிமாண்டுக்கு மிகவும் கீழேயே இருந்தால், வாங்காத மின்சாரத்துக்குக் காசு கட்டுகிறீர்கள். பதிவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் கட்டணம் உண்டு. திங்கள் காலை எல்லாச் சில்லர்களும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் ஏறும் டிமாண்டை, அரை மணி இடைவெளி விட்டுக் கிளப்பினால் குறைத்துவிடலாம்.

தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி ஏற்றினால் ஏசி மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று பிஈஈ சொல்கிறது. ஈரத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்த கட்டடத்தில், ஒரு மின்விசிறியும் சுழன்றால், 26 டிகிரியிலும் நம் ஊர் ஆட்கள் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். ஈரத்தை விட்டுவிட்டு 26-க்கு ஏற்றினால் அன்றைக்கே சண்டை வரும்.

மழை வந்தால் ஜன்னலோரம் கசிகிறது

நமக்கு வடகிழக்குப் பருவமழை காற்றோடு வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது போல, மழை கிடைமட்டமாக அடிக்கும். கசிவு தெரியும் இடம் ஒன்று, நுழையும் இடம் இரண்டு மாடி மேலே இருக்கலாம். மழை இல்லாத நாளில் குழாய் வைத்துச் சோதியுங்கள். கீழ் மூட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூட்டாக மேலே போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடமாவது தண்ணீர் காட்டி, உள்ளே ஓர் ஆளை நிறுத்துங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா மூட்டும் நனைந்து எதுவும் புரியாது.

சிலிகான் சீலன்ட் ஓரத்தில் விட்டிருந்தால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழையதின் மேல் பூசியது ஒரு மழைக்கும் நிற்காது. ஃபிரேமின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வைத்தவை. கசிவை நிறுத்தக் கூப்பிட்ட ஆள் அவற்றையே சிலிகானால் அடைத்துவிட்டுப் போவதுண்டு. அதன் பிறகு ஃபிரேம் நிரம்பித் தண்ணீர் உள்ளேதான் வழியும். அடைத்திருந்தால் உடனே திறந்துவிடுங்கள்.

பேஸ்மென்ட் வெள்ளம் பற்றி ஒன்றே ஒன்று: 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில், வெள்ளத்தை வெளியேற்றும் பம்புகளுக்கான மின் பேனலை பேஸ்மென்டிலேயே வைக்கக் கூடாது. இருந்தால் இந்தக் கோடையிலேயே மேலே ஏற்றுங்கள்.

தூணிலோ பீமிலோ துருக்கறை, நீளவாட்டில் விரிசல்

கடலுக்குப் பக்கத்தில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி, கம்பி ஓடும் திசையிலேயே விரிசல் வரும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதி கடலோரக் கட்டடங்களுக்கு எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவரும் கேட்கிறது. பேஸ்மென்டிலும் கழிவறை ஸ்லாபிலும் பல இடங்களில் அதில் பாதிகூட இருக்காது.

இதில் நீங்கள் செய்யவேண்டியது படம் எடுத்து, தேதி எழுதி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுவது மட்டும். சிமென்ட் பூசி பெயின்ட் அடிக்காதீர்கள், உள்ளே துரு நிற்காது, வெளியே தெரியாமல் போய்விடும். பீமும் தூணும் சேரும் இடத்தில் சாய்வான விரிசல், அகலம் கூடிக்கொண்டே போவது, கதவுகள் திடீரென்று இறுகுவது, இவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பகுதியிலிருந்து ஆட்களை அன்றைக்கே வெளியேற்றிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

புதுக் கட்டடம், பச்சைச் சான்றிதழ், ஆனாலும் முதல் நாளிலிருந்தே புகார்

சான்றிதழ் பெரும்பாலும் டிசைனுக்கும் கணினிக் கணக்குக்கும் கிடைத்தது. கட்டடம் நிஜமாக எப்படி ஓடுகிறது என்பதை யாராவது ஓட்டிப் பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டும். அந்த கமிஷனிங் வேலையைத்தான் திறப்பு விழா தேதிக்காக முதலில் வெட்டுகிறார்கள். காகிதத்தில் காற்றளவு எல்லாம் டிசைன் எண்ணோடு அட்சரம் பிசகாமல் பொருந்தியிருந்தால் அளக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், நிஜமாக அளந்த எண்கள் அப்படிப் பொருந்தாது.

ஒப்பந்தக்காரரின் பொறுப்புக்காலம் வழக்கமாக 12 மாதம். அதற்குள் இரண்டு முறை முழுச் சோதனை கேளுங்கள்: மே மாதத்தில் வெயிலுக்கு ஒரு முறை, நவம்பரில் ஈரத்துக்கும் மழைக்கும் ஒரு முறை. பிப்ரவரியில் செய்யும் ஒரே சோதனையில் எல்லாக் கட்டடமும் பாஸாகும். கடைசித் தவணைப் பணம் தருவதற்கு முன் கட்டிய நிலையின் வரைபடங்கள், வால்வு பட்டியல், கண்ணாடி, சீலன்ட் வாரன்டி காகிதங்கள், பிஎம்எஸ்ஸின் அட்மின் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பாஸ்வேர்டை உங்கள் ஆளே ஒரு முறை போட்டு உள்ளே நுழைந்து, ஒரு ஏஎச்யூவின் நேர அட்டவணையை மாற்றிச் சேமித்துப் பார்த்த பிறகு காசோலையில் கையெழுத்துப் போடுங்கள்.